பங்கு வேண்டாம், கூலி போதும்: ஸ்டீவ் ஆல்பினியின் கணக்கு

அமெரிக்க ராக் இசை உலகில் ஆல்பத் தயாரிப்பாளர் என்றால் நம்மூர் சினிமா தயாரிப்பாளர் போல பணம் போடுகிறவர் அல்ல. ஸ்டுடியோவில் உட்கார்ந்து எந்தப் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். கிட்டத்தட்ட இயக்குநர் மாதிரி. இவருக்கு இரண்டு வழியில் பணம் வரும். ஒன்று முன்பணம். இன்னொன்று 'பாயிண்ட்'. ஒரு பாயிண்ட் என்றால் ஆல்பம் விற்பதில் ஒரு சதவீத ராயல்டி. மூன்று பாயிண்ட் வாங்குவது சர்வ சாதாரணம். ஆல்பம் ஹிட் ஆகிவிட்டால் வருடக்கணக்கில் வீடு தேடி காசோலை வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாயிண்டே வேண்டாம் என்று கடைசி வரை சொன்ன ஒரு மனிதர் இருந்தார். ஸ்டீவ் ஆல்பினி.

1962ல் கலிபோர்னியாவில் பிறந்து, மொன்டானா மாநிலத்தின் மிசூலா என்ற ஊரில் வளர்ந்தவர். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தது இதழியல். 1981ல் அங்கேயே 'பிக் பிளாக்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. ரோலண்ட் கம்பெனி டிரம் மெஷின்தான். ஆல்பத்தில் வாசித்தவர்கள் பட்டியலில் அந்த மெஷினுக்கும் 'ரோலண்ட்' என்று பெயர் போட்டார்கள்! பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாமல், குறைந்த செலவில் தாங்களே எல்லாவற்றையும் செய்துகொண்ட குழு அது. 1987ல் கலைந்தது. ஒலிப்பதிவுத் தொழிலை அவர் கற்றுக்கொண்டது இந்தச் சிக்கனத்தில்தான்.

அடுத்த வருடம், 1988ல், பிக்சீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோஸா' ஆல்பம் வந்தது. பாஸ்டனில் ஆல்பினி பதிவு செய்தது. அதில் குரலுக்கு எதிரொலி தேவைப்பட்ட இடங்களில் மின்னணுக் கருவியை நாடாமல், கிம் டீலை ஸ்டுடியோ குளியலறையில் நிற்க வைத்துப் பாட வைத்தார். டிரம்ஸ் கேட்டால் அறையின் சுவர்களும் தரையும் சேர்ந்து அதிர்வது தெரியும். மைக்கை டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காமல் அறையின் தூரத்து மூலைகளிலும் வைப்பது அவருடைய வழக்கம். இந்த ஆல்பத்தைக் கேட்டு மயங்கியவர்களில் ஒருவர் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன்.

நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991ல் வந்து, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கியது. ஆனால் அதன் மிக்ஸிங் ரொம்பவும் பளபளப்பாகிவிட்டது என்று குழுவுக்கே மனக்குறை. அடுத்த ஆல்பத்துக்கு ஆல்பினியை அழைத்தார்கள். அவர் பதிலாக நீளமான கடிதம் ஒன்று எழுதினார். ராக் இசை வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட கடிதங்களில் அதுவும் ஒன்று.

அதன் சாரம் இதுதான். ஆல்பத்தை ஒரு சில நாட்களில் முடித்துவிட வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோவில் தலையிடக்கூடாது. பணத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியம். குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பது மாதிரி, வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார். ஒன்று, ஒன்றரை பாயிண்ட் கேட்பேன் என்று கம்பெனி எதிர்பார்க்கும். 30 லட்சம் பிரதி விற்றால் அது சுமார் 4 லட்சம் டாலர். அந்தப் பணத்தை வாங்கினால் தூக்கம் வராது என்று கணக்குப் போட்டே காட்டினார். ராயல்டி இசைக்குழுவுக்குச் சேர வேண்டியது, அதைப் பதிவு செய்தவருக்கு அல்ல என்பது அவர் கட்சி. ஆல்பத்தின் உறையில்கூட 'தயாரித்தவர்' என்று பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. 'பதிவு செய்தவர்' என்றே விரும்பினார்.

வெறும் பெருந்தன்மை என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. இதில் ஒரு தொழில் தர்க்கம் இருக்கிறது. விற்பனையில் பங்கு வாங்குகிறவருக்கு அதிகம் விற்பதில் அக்கறை வந்துவிடும். ரேடியோவில் ஓட வேண்டும் என்று குரலைத் தூக்குவார், கிதாரை அடக்குவார். கூலி வாங்குகிறவருக்கு அந்த ஆசை கிடையாது. யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகலாம். பணம் தரும் முறை மாறினால் பாட்டின் ஒலியே மாறும்!

1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பாக்கிடெர்ம் ஸ்டுடியோவில் 'இன் யூட்டரோ' பதிவானது. ரகசியம் காக்க நிர்வாணா வேறு பெயரில் இடம் பிடித்தது: 'சைமன் ரிச்சி குரூப்'. (செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸின் இயற்பெயர் அது.) பதிவு, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து இரண்டு வாரம்தான். ஆல்பினியின் கூலி ஒரு லட்சம் டாலர். பாயிண்ட் பூஜ்யம். ஆல்பம் பிறகு அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்தைத் தாண்டிப் போனது. விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. கம்பெனிக்கு ஆல்பம் பிடிக்கவில்லை. கம்பெனி இதை வெளியிடாது என்று பத்திரிகைகளில் செய்தி கசிந்து பெரிய சண்டையானது. குழுவுக்கும் குரலும் பேஸும் போதுமான அளவு கேட்கவில்லை என்ற சந்தேகம் வந்தது. ஆல்பினி மறுபடி மிக்ஸ் செய்ய மறுத்தார். கடைசியில் 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் ஸ்காட் லிட் மறுமிக்ஸ் செய்தார். அந்த செப்டம்பரில் வெளியாகி நேராக முதலிடம். ஆனால் சண்டைக்குப் பிறகு பெரிய கம்பெனி வேலைகள் ஆல்பினிக்கு வெகுவாகக் குறைந்துபோயின.

அதே 1993ல் 'தி பாஃப்ளர்' என்ற பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையை வணிகவியல் படிக்கிறவர்கள் கண்டிப்பாகத் தேடிப் படிக்க வேண்டும். கற்பனையாக நாலு பேர் கொண்ட ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொண்டு அதற்கு வரவு செலவுக் கணக்கு எழுதியிருப்பார். பெரிய கம்பெனி 2,50,000 டாலர் முன்பணம் தருகிறது. ஆல்பம் 2,50,000 பிரதிகள் விற்கிறது. தலா 12 டாலர் என்றால் கடை விலையில் 30 லட்சம் டாலர். குழுவின் ராயல்டி 3,51,000 டாலர். பிரமாதம் என்று தோன்றுகிறதா? அதிலிருந்து முன்பணம், தயாரிப்பாளரின் பாயிண்ட், விளம்பரச் செலவு, பழைய கம்பெனிக்குக் கொடுத்த விடுதலைத் தொகை எல்லாம் கழிந்தால் குழு கம்பெனிக்கு 14,000 டாலர் பாக்கி! கம்பெனிக்கு லாபம் 7,10,000. தயாரிப்பாளருக்கு 90,000. முன்பணத்தில் மிஞ்சியது, டூர் வருமானம் எல்லாம் சேர்த்துக் குழுவில் ஆளுக்குக் கிடைப்பது 4,031 டாலர் 25 சென்ட். பாடியவர்களுக்குத்தான் எல்லோரையும் விடக் குறைவு. சில தொகைகளைப் பற்றி வாதம் செய்யலாம். ஆனால் முன்பணம் என்பது உண்மையில் கடன் என்பதை இவ்வளவு பச்சையாக யாரும் போட்டுக் காட்டியதில்லை.

1997ல் சிகாகோவில் 'எலெக்ட்ரிகல் ஆடியோ' என்ற சொந்த ஸ்டுடியோவைத் திறந்தார். ஒலி பரவாமல் இருக்க சில சுவர்களை மண் செங்கல்லால் கட்டினார். புகழ்பெற்றவர்கள் வந்தார்கள். ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும்கூட 1998ல் வந்த தங்கள் ஆல்பத்தை இவரிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் அவருடைய பெரும்பாலான நாட்கள் பெயர் தெரியாத சின்னக் குழுக்களோடுதான் கழிந்தன. தினக்கூலி, எல்லோருக்கும் திறந்த கதவு. கம்ப்யூட்டர் வந்து உலகமே மாறிய பிறகும் அவர் டேப்பில்தான் பதிவு செய்தார். இன்றைய மென்பொருள் முப்பது வருடம் கழித்துத் திறக்குமா என்பது சந்தேகம், டேப் நிச்சயம் ஓடும் என்பார்.

அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 'நான் வெறும் பதிவாளன்' என்பது பாதி உண்மைதான். மைக்கை எங்கே வைப்பது என்பதும் ஒரு ரசனைதானே? நாலு ஆல்பம் கேட்டவர்கள் டிரம்ஸை வைத்தே இது ஆல்பினி வேலை என்று சொல்லிவிடுவார்கள். இளமையில் அதிர்ச்சி தருவதற்காகவே அருவருப்பான பெயர்களும் பேச்சுகளும் அவரிடம் ஏராளம். 2021ல் அவற்றுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார், சாக்குப்போக்கு சொல்லாமல்.

பாயிண்ட் வாங்காதவர் வேறு விளையாட்டில் சம்பாதித்தார் என்பது ஒரு வேடிக்கை. போக்கர் உலகத் தொடரில் 2018லும் 2022லும் இரண்டு பட்டங்கள் வென்றார்.

2013ல் 'இன் யூட்டரோ' இருபதாம் ஆண்டுப் பதிப்புக்கு அந்த ஆல்பம் முழுவதையும் புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்தார். 2024 மே 7 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 61. அவர் கிதார் வாசித்த 'ஷெல்லாக்' குழுவின் 'டு ஆல் டிரெயின்ஸ்' ஆல்பம் அப்போது தயாராக இருந்தது. பத்து நாள் கழித்து, மே 17 அன்று வெளிவந்தது.