வாய் மூடிய மரபணுக்கள்



திருவல்லிக்கேணி மாடவீதிகளில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாக விரவிய பூனைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை ஏறக்குறைய எல்லாமே பெண் பூனைகள். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அத்தகைய பூனை ஒன்று இருந்தது. அதற்குப் பால் ஊற்றி வந்த என் பெரியம்மாவுக்கு எலும்பு மச்சையில் ஒரு நோய் கண்டது. புற்றுநோயின் இனம் என்றார் மருத்துவர். பெரியம்மா தம்மைப் பற்றிக் கவலைப்படவில்லை. "என் பேத்திக்கும் இது இறங்குமா?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

அதற்குரிய விடை அந்தப் பூனையின் மேனியிலேயே தொடங்குகிறது. பெண் உடலின் உயிரணுவில் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு உண்டு. கருப்பருவத்திலேயே அவற்றுள் ஒன்று வாயடைக்கப்படுகிறது என்று 1961இல் இங்கிலாந்தில் மேரி லயன் என்ற அம்மையார் எலிகளின் மயிர் நிறத்தைக் கொண்டு உய்த்துணர்ந்தார். எது அடைபடும் என்பது உயிரணுவுக்கு உயிரணு வேறுபடும். ஆனால் அடைபட்டதை அதன் வழித்தோன்றல்கள் மறப்பதில்லை. ஆகவேதான் ஒரே பூனையில் இரு நிறத் திட்டுகள். மரபணுவின் எழுத்து அழியவில்லை; ஏடு கட்டி வைக்கப்பட்டது, அவ்வளவே.

கட்டிய கயிறு எது? 1975இல், குரோமோசோம்மேல் ஓர் அடையாளம் பதிக்கப்படுகிறது என்னும் கருத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துச் சரத் சந்திரா, அமெரிக்கரான ஸ்பென்சர் பிரவுனோடு சேர்ந்து வெளியிட்டார். நம் நாட்டு மாணவர் பலர் இதனை அறியாதிருப்பது எனக்கு வருத்தமே. அதே ஆண்டில் வேறு சிலர், மெதில் எனும் சிறு வேதித் தொகுதியே அவ்வடையாளமாகலாம் என்றனர்.

கருவின் குருத்தணுக்கள் இவ்வித்தையால்தான் வாழ்கின்றன. பின்னர் வேண்டப்படும் மரபணுக்களை அவை தற்காலிகமாக அடக்கி வைத்து, வேளை வரும்போது விடுவிக்கின்றன. 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர், குழந்தைகளின் கண்ணில் தோன்றும் புற்றில், காவல் மரபணு ஒன்றின் தலைவாயிலில் மெதில் பதிந்திருக்கக் கண்டனர். 2007இல் வெளியான ஆய்வுகள் இன்னும் வியப்புக்குரியன: குருத்தணுவில் தற்காலிகமாக அடங்கியிருக்கும் மரபணுக்களே புற்றில் நிலையாகப் பூட்டப்படுவது மிகுதி. பூட்டுண்ட உயிரணு முதிர மறந்து பெருகிக்கொண்டே போகிறது.

பூட்டைத் திறக்க இயலுமா? 1964இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆக்கப்பட்ட அசாசைட்டிடின் என்ற மருந்து மெதில் குறியை நீக்குகிறது என்பது 1980இல் தெளிவாயிற்று. எலும்பு மச்சை நோய்க்கு 2004இல் அமெரிக்கா அதனை ஏற்றது. அது பூட்டுகளைத் தேர்ந்து திறப்பதன்று. நிறுத்தினால் குறிகள் மீண்டும் படிகின்றன. 28 நாளுக்கொரு முறை ஏழு நாள் ஊசியாகப் பெரியம்மா அதனைப் பெற்றார்.

அவருடைய மச்சையில் இடையில் ஏற்பட்ட மாற்றங்கள் கருமுட்டைக்குச் செல்பவை அல்ல. பரம்பரையாக வரும் குடும்பங்கள் மிகச் சில. எங்கள் குடும்பம் அவற்றுள் ஒன்றன்று என்று மருத்துவர் சொன்னார். பெரியம்மா ஒருகணம் பேசாதிருந்து, பின் பூனைக்குப் பால் வைக்கச் சொன்னார்.