வாஷிங்டன்: ஓர் ஊர்ப்பெயரின் உடைமைக் கதை

‘இறக்குமதி வரியை உயர்த்தியது வாஷிங்டன்’ என்று நாளிதழில் படிக்கிறோம். ஓர் ஊர் எப்படி வரி போடும் என்று யாரும் கேட்பதில்லை. ஊரின் பெயர் அங்கிருக்கும் அரசுக்கு ஆகிவந்திருக்கிறது. பள்ளியில் படித்த அதே இடவாகுபெயர். ஆனால் இந்தச் சொல்லுக்குள் அப்படி ஆகிவருவது ஒரு தடவையோடு முடியவில்லை. அரசைக் குறிக்கும் இந்த ஊர்ப்பெயர் அதற்கு முன் ஓர் ஆளின் பெயர். ஆளின் பெயர் அதற்கு முன் வேறொரு ஊரின் பெயர். அந்த ஊர்ப்பெயர் அதற்கும் முன் இன்னோர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் ஏதாவதொரு நிலப்பத்திரமோ உயிலோ கணக்கேடோ கிடக்கிறது.

அடியிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் வடகிழக்கில், டரம் நகருக்கு வடக்கே, வாஷிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரைப் பார்த்துத் துணி வெளுக்கும் துறை ஏதோ அங்கே இருந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. பெயராய்வாளர்கள் அதை மூன்று துண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் துண்டு ஹ்வாஸ்ஸா என்ற ஆங்கிலோ-சாக்சன் ஆளின் பெயர். நடுவில் உள்ள ‘இங்’ அவனுக்கு உரிய, அவனைச் சார்ந்த என்று பொருள் தரும் ஒட்டு. கடைசியில் உள்ள ‘தூன்’ முதலில் வேலியைக் குறித்தது; பிறகு வேலியிட்ட பண்ணையை, பிறகு பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஊரை. நகரம் என்ற பொருளில் இன்று வழங்கும் ‘டவுன்’ இதன் நேர்வழி வந்த சொல்தான். ஆக, ஹ்வாஸ்ஸாவின் வேலி நிலம். யார் அந்த ஹ்வாஸ்ஸா என்பதற்கு இந்தப் பெயரைத் தவிர வேறு தடயம் இல்லை.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தங்கள் நிலத்தின் பெயரையே ‘டி’ என்ற முன்னொட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டன. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் அப்படிப்பட்ட ஒருவர். ஹெர்ட்பர்ன் என்றால் மான் ஓடை. டரம் ஆயர் 1183இல் தம் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதவைத்த ஏட்டுக்கு ‘போல்டன் புக்’ என்று பெயர். அதில் இந்த வில்லியமைப் பற்றி ஒரு பதிவு இருக்கிறது: ஹெர்ட்பர்ன் ஊரை ஆயருக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றிருக்கிறார். தேவாலயமும் அதைச் சேர்ந்த நிலமும் மட்டும் விலக்கு. ஆண்டுக்கு நான்கு பவுண்டு கட்டவேண்டும். ஆயரின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களோடு போகவேண்டும். நம் பதிவு அலுவலக மொழியில் சொன்னால் இது ஒரு பரிவர்த்தனைப் பத்திரம். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. வில்லியமின் வழிவந்தவர்கள் ‘டி வெஸ்ஸிங்டன்’ ஆனார்கள். அந்தப் பரிமாற்றம் நடக்காதிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் இன்று ஹெர்ட்பர்னாக இருந்திருக்கலாம்.

அந்த ஊரை விட்டுப் போன பிறகும் குடும்பம் பெயரை விடவில்லை. ‘டி’ மட்டும் காலப்போக்கில் உதிர்ந்தது. நிலத்தைச் சுட்டிய பெயர் அப்போதுதான் குலத்தைச் சுட்டத் தொடங்கியது, காரணப்பெயர் இடுகுறியானது. ஜான் வெஸ்ஸிங்டன் என்பவர் 1416 முதல் 1446 வரை டரம் பேராலய மடத்தின் தலைவராக இருந்தார். இன்னொரு கிளை லங்காஷயரின் வார்ட்டனில் வேரூன்றியது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வாணிகத்தில் பொருள் ஈட்டி, இரண்டு முறை அந்நகரின் மேயரானார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்ற பண்ணையை வாங்கினார். அவர் அங்கே கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. ஆனால் செழிப்பு நிலைக்கவில்லை. மேயரின் மகன் ராபர்ட் காலத்திலேயே, 1610இல், சல்கிரேவ் கைமாறியது.

மேயரின் கொள்ளுப்பேரனுக்கும் லாரன்ஸ் என்றுதான் பெயர். நிலம் வந்து சேராத இளைய மகன். படித்து ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அந்தப் பதவியில் இருப்பவர் மணம் செய்யக்கூடாது என்பது விதி. 1633இல் அதை விட்டு எஸெக்ஸில் உள்ள பர்லீ கிராமத்துக்குக் குருவாகப் போனார்; அம்ஃபிலிஸ் ட்விக்டன் என்ற பெண்ணை மணந்தார். உள்நாட்டுப் போர் வந்தது. 1643இல் பியூரிட்டன் தரப்பு, அவர் மதுக்கடையே கதி என்று கிடப்பவர் என்று குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தது. அரசர் பக்கம் நின்ற குருமார்களை வெளியேற்ற அப்போது இப்படிக் குற்றப்பட்டியல்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. குடிதான் உண்மைக் காரணமா என்பது ஐயத்துக்குரியது. பத்தாண்டுக்குள் வறுமையில் இறந்தார். இரண்டாண்டு கழித்து அம்ஃபிலிஸும் போய்ச் சேர்ந்தார். இந்த இருவரின் மூத்த மகன் ஜான்தான் அமெரிக்காவுக்கு இந்தப் பெயரைக் கொண்டுபோன குடியேறி.

ஜான் வாஷிங்டன் அமெரிக்காவில் குடியேறத் திட்டமிட்டு வந்தவர் போலத் தெரியவில்லை. லண்டனைச் சேர்ந்த ‘சீ ஹார்ஸ்’ என்ற சிறு கப்பலில் புகையிலை வாணிகத்துக்குத் துணையாளாக வந்தார். 1657இன் தொடக்கத்தில், ஊருக்குத் திரும்பும் வேளையில், கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டி மூழ்கியது. ஏற்றிய புகையிலை பாழானது. ஜான் அங்கேயே தங்க நினைத்தார். கப்பல் தலைவர் எட்வர்ட் பிரெஸ்காட் விடவில்லை, கணக்கு வழக்கு மூண்டது. வர்ஜீனியாவில் வசதியாக இருந்த நத்தானியல் போப் என்பவர், பீவர் தோல்களைப் பிணையாகத் தருகிறேன் என்று குறுக்கே வந்தார். மறுவருடம் ஜான் அவர் மகள் ஆனை மணந்தார். மாமனார் கொடுத்த சீர் 700 ஏக்கர். இங்கிலாந்தில் இளைய மகனான தந்தைக்குக் கிடைக்காத நிலம் இங்கே திருமணத்தோடு வந்தது. ஒருவரைக் கப்பற்கூலி கொடுத்துக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்ற வர்ஜீனியாவின் விதியும் நிலம் சேர்க்க உதவியது. 1674இல் நிக்கலஸ் ஸ்பென்சர் என்பவரோடு கூட்டாக, லிட்டில் ஹண்டிங் ஓடைக்கரையில் 5,000 ஏக்கர் பெற்றார். அதில் பாதிதான் பிற்காலத்து மவுண்ட் வெர்னன். ஜானின் மகன் லாரன்ஸ், லாரன்ஸின் மகன் அகஸ்டின், அகஸ்டினின் மகன் 1732இல் பிறந்த ஜார்ஜ்.

இவ்வளவு தெளிவாக இன்று சொல்லும் இந்த வமிசாவளி ஜார்ஜ் வாஷிங்டனுக்கே தெரியாது. 1791இல் லண்டனிலிருந்து சர் ஐசக் ஹேர்ட் என்ற அரசவைக் குலமரபு அதிகாரி விவரம் கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு பதில் எழுதிய குடியரசுத் தலைவர், இதில் தான் அதிகம் கருத்துச் செலுத்தியதில்லை என்றார். முன்னோர் இங்கிலாந்தின் வட மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டதாகவும், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கா என்று நினைவில்லை என்றும் எழுதினார். ஹேர்ட் தாமே ஒரு மரபு வரைந்தார்: சல்கிரேவ் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரு சகோதரர்களைக் கண்டு, அவர்களே குடியேறிகள் என்று முடிவுகட்டினார். பெயர் பொருந்தியது, அது போதும் என்றிருந்துவிட்டார்.

1866இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த மரபை உடைத்தார். ஹேர்ட் காட்டிய ஜான் ஒரு ‘சர்’. லாரன்ஸ் ஒரு குரு. இருவரும் அமெரிக்கா போகவே இல்லை. பிறகு ஹென்றி வாட்டர்ஸ் என்பவர் லண்டன் உயில் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் புரட்டி, 1889இல் முடிச்சை அவிழ்த்தார். ட்ரிங் என்ற ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங் எழுதிய உயிலில், அம்ஃபிலிஸ் வாஷிங்டனும் அவர் பிள்ளைகளும் பெயர் சொல்லப்பட்டிருந்தார்கள். நோலிங் அம்ஃபிலிஸின் மாற்றாந்தந்தை. அம்ஃபிலிஸின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்குக் கொடுக்கப்பட்ட ஆவணமும் கிடைத்தது. குடும்பத்தை ஹேர்ட் சரியாகவே பிடித்திருந்தார், ஒரு தலைமுறைதான் பிசகியது: அவர் குடியேறி என்று நினைத்த குரு லாரன்ஸ் உண்மையில் குடியேறியின் தந்தை. குலமரபு தேடுவோர்க்கு இதில் பாடம் உண்டு. ஒரே பெயரைப் பாட்டன், தந்தை, பிள்ளை என மாற்றி மாற்றி வைக்கும் குடும்பத்தில் பெயர் மட்டும் சாட்சியாகாது. பெயரோடு சொத்தும் உறவும் ஒரே தாளில் சேர்ந்து வரும் இடம் உயில்தான்.

குடியேறி ஜானுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. 1675இல் மேரிலாந்து, வர்ஜீனியாப் படைகள் சஸ்குவஹானோக் மக்களின் கோட்டையை முற்றுகையிட்டபோது வர்ஜீனியாப் படைத்தலைவர்களில் அவரும் ஒருவர். பேச்சுவார்த்தைக்கு வெளியே வந்த அம்மக்களின் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். பழங்குடி மக்கள் ஜானுக்கு வைத்த பெயர் ‘கோனொடோகேரியஸ்’. ஊரை விழுங்குபவன், ஊரைப் பறிப்பவன் என்று பொருள். 1753இல் ஒஹாயோ பள்ளத்தாக்குக்குப் போன இளம் ஜார்ஜை, தனகாரிசன் என்ற தலைவர் அதே பெயரால் அழைத்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் கொள்ளுப்பேரனுக்கு வந்தது. 1779இல் ஜார்ஜின் ஆணைப்படி போன படை, இரோக்வாய் மக்களின் ஊர்களை நாற்பதளவில் எரித்தது. 1790இல் ஃபிலடெல்ஃபியாவில் அவரைச் சந்தித்த செனெகா தலைவர் கார்ன்பிளான்டர், உம்மை ஊரழிப்பவர் என்றுதான் அழைக்கிறோம் என்று நேரிலேயே சொன்னார். ஆக, ஊரைப் பெற்றதால் ஒரு பெயர், ஊரை அழித்ததால் ஒரு பெயர். முதலாவது தலைநகருக்குப் போனது. இரண்டாவது, எரிந்த ஊர்க்காரர்களின் நாவில் இருந்தது.

தலைநகருக்கு 1791இல் அப்பெயரை வைத்தவர்கள் அதைக் கட்ட நியமிக்கப்பட்ட ஆணையர்கள். ஜார்ஜ் அதைக் கூட்டரசு நகரம் என்றே எழுதிவந்தார். 1853இல் பசிபிக் கரையில் ஒரு புதிய ஆட்சிப்பகுதி கொலம்பியா என்ற பெயரைக் கேட்டது. தலைநகர் கொலம்பியா மாவட்டத்தில் இருப்பதால் குழப்பம் வரும் என்று சொல்லி நாடாளுமன்றம் வாஷிங்டன் என்று வைத்தது. குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

ஊர்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த ஜார்ஜுக்குப் பிள்ளை இல்லை. அவர் பெயர் யாருக்குப் போனது? பதினொரு வயதில் தந்தை இறந்தபோது அவருக்கு வந்த சொத்தில் பத்து அடிமைகள் இருந்தார்கள். 1799இல் மவுண்ட் வெர்னனில் அவர் எடுத்த கணக்கில் 317 பேர். பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள். சொத்துக்குக் குடும்பப்பெயர் தேவையில்லை என்பது அக்காலத்துக் கணக்குமுறை. அதே ஆண்டு எழுதிய உயிலில், போர்க்காலம் முழுதும் தன்னுடன் இருந்த வில்லியமுக்கு உடனடி விடுதலை கொடுக்கிறார். அங்கே வில்லியம் என்று எழுதி, தன்னை வில்லியம் லீ என்று சொல்லிக்கொள்பவர் என்று சேர்க்கிறார். குடும்பப்பெயர் அவனாகச் சொல்லிக்கொள்வது, நான் கொடுத்ததல்ல என்ற தொனி அதில் இருக்கிறது.

இன்னொருவர் விடுதலைக்குக் காத்திருக்கவில்லை. காம்பியாப் பகுதியில் பிறந்து, விலைக்கு வாங்கப்பட்டு மவுண்ட் வெர்னனுக்கு வந்த ஹாரி, 1776இல் தப்பி பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய கறுப்பின மக்களின் பெயர்ப் பதிவேட்டில் அவர் ஹாரி வாஷிங்டன். முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை என்ற குறிப்போடு. நோவா ஸ்கோஷியாவில் ஒன்பதாண்டு இருந்து, 1792இல் சியரா லியோனுக்குப் போனார். அங்கே நிலவரி கேட்ட நிர்வாகத்துக்கு எதிராக 1800இல் எழுந்த கலகத்தில் சேர்ந்து நாடுகடத்தப்பட்டார். வரியை எதிர்த்துக் கிளர்ந்த வாஷிங்டன்களில் இவரும் ஒருவர்.

ஆனால் இன்று அமெரிக்காவில் இப்பெயரோடு இருக்கும் கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் மவுண்ட் வெர்னனிலிருந்து வந்தவை என்று நினைத்துவிடக்கூடாது. விடுதலைக்குப் பின் பலர் தாங்களே தேர்ந்தெடுத்த பெயர் இது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் என்ற சிறுவன், பள்ளியில் முதல் நாள் பெயர் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தான். தன் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்றான். அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன், வாஷிங்டன் ஃபெர்குசன். பின்னாளில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை வளர்த்த புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான். குடும்பப்பெயர் என்று பதிவான அது, ஒருவரின் முதற்பெயர் ஆகிவந்தது. 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர்; அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். எண்ணிக்கையை வைத்துச் சொன்னால் வாஷிங்டன் இன்று ஒரு கறுப்பினக் குடும்பப்பெயர்.

அந்தக் குடும்பங்களில் ஒன்று தன் மரபைத் தேடப் புறப்பட்டால் 1870 வரை எளிதாகப் போகலாம். விடுதலை பெற்ற அனைவரையும் முழுப்பெயரோடு எழுதிய முதல் குடிக்கணக்கு அதுதான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். அதன் கீழே வயதும் பாலும் நிறமும். அதற்கு முன்னே போக வாட்டர்ஸ் புரட்டிய அதே வகைத் தாள்கள்தான் வழி: உயில், சொத்துப்பட்டியல், கிரயப்பத்திரம். ஒரு வேறுபாடு உண்டு. வில்லியம் டி ஹெர்ட்பர்னின் வழிவந்தவரைப் பெயரே நிலத்துக்குக் கூட்டிச் செல்லும். புக்கரின் பேரப்பிள்ளை வாஷிங்டன் என்ற தலைப்பின் கீழ்த் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிடித்துவைத்திருந்தவனின் பெயர் வேறு. அவன் பெயரைக் கண்டுபிடித்து, அவன் கணக்கேட்டில் மாடு, கலப்பை, பீப்பாய்களுக்கு நடுவே ஓர் ஒற்றைப் பெயரைத் தேடவேண்டும். உடைமை இருந்ததால் வில்லியமின் பெயர் ஏட்டில் ஏறியது. உடைமையாக இருந்ததால் இவர்களுடைய முன்னோர் ஏட்டில் ஏறினார்கள். குடும்பப்பெயர் மட்டும் ஏட்டிலிருந்து இவர்களுக்கு வந்ததல்ல, தாங்களே எடுத்துக்கொண்டது.