பார்ட்டிஷன் அட்டவணைச் சீரமைப்பு

வன்வட்டு எத்தனை பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்பதைக் குறித்துவைக்கும் சிறு பதிவு பார்ட்டிஷன் அட்டவணை எனப்படும். அது சிதைந்தால் வட்டு வெறுமையானதுபோல் தோன்றினாலும், கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பதால், அட்டவணையை மட்டும் கட்டளை வரிக் கருவிகளால் மீண்டும் எழுதி வட்டை மீட்க முடிகிறது.

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டுடன் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியோடும் அதற்கான டாஸ் 2.0 பதிப்போடும் இவ்வட்டவணை புழக்கத்துக்கு வந்தது. வட்டில் படிக்கவும் எழுதவும் உரிய மிகச் சிறிய அலகு செக்டர். முதல் செக்டரின் 512 பைட்டுகளில் 446 கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலுக்கும், அடுத்த 64 அட்டவணைக்கும், கடைசி இரண்டு 55, ஏஏ என்னும் பதினறும எண் முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த 64 பைட்டுகளில் தலா 16 பைட் கொண்ட நான்கு பதிவுகளே அடங்கின. முழு வட்டின் வரைபடத்தையும் நகலின்றி ஒரே செக்டரில் வைத்ததே பின்னாளைய இன்னல்களுக்கு வேர் எனலாம்.

1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0இன் எஃப்டிஸ்க் கட்டளையோடு எம்பிஆர் என்ற துணைச்சொல்லைச் சேர்த்தால், அட்டவணையைத் தொடாமல் தொடக்க நிரல் மட்டும் புதிதாக எழுதப்பட்டது. ஆனால் முத்திரை அழிந்திருந்தால் அதே கட்டளை அட்டவணையையும் சுழியமாக்கிவிட்டதால், சீரமைக்க வந்தது இருந்ததையும் கெடுத்தது. லினக்ஸ் பயனர்களோ எஸ்எஃப்டிஸ்க் கருவியால் அட்டவணையை உரைக் கோப்பாக முன்கூட்டியே எடுத்துவைத்து, தேவைப்படும்போது அதையே திருப்பி ஊட்டினர். முன்யோசனை உள்ளவர்க்கே உதவும் வழி இது.

குறிப்பு எதுவும் எடுத்துவைக்காதவர்க்கு வேறு வழி பிறந்தது. ஒவ்வொரு பிரிவின் கோப்பு முறைமையும் தன்னைப் பற்றிய சான்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது: என்டிஎஃப்எஸ் பிரிவின் முதல் செக்டரில் அதன் பெயரே எழுதப்பட்டிருக்கும், கடைசி செக்டரில் அச்செக்டரின் நகலும் இருக்கும், லினக்ஸின் எக்ஸ்ட் வகைப் பிரிவு தொடங்கி 1024 பைட் தள்ளி அமைந்த தலைமைப் பதிவில் பிரிவின் அளவு காணப்படும். வட்டு முழுவதும் இத்தகைய தடயங்களைத் தேடி அட்டவணையை ஊகித்துக் கட்டும் கருவிகளுள் ஜிபார்ட்டும், பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க்கும் குறிப்பிடத்தக்கவை. பழைய பிரிவுகளின் எச்சங்களும் தேடலில் அகப்படும் என்பதால், பட்டியலில் எது மெய், எது நிழல் எனப் பிரித்தறியும் பொறுப்பு இன்றும் மனிதனுடையதே.

இன்டெல்லின் இஎஃப்ஐ திட்டத்தில் உருவான ஜிபிடி அமைப்பு அட்டவணையின் நகலை வட்டின் இறுதியில் வைத்ததோடு, சிதைவைக் கண்டுணரச் சரிபார்ப்புக் கூட்டெண்ணையும் சேர்த்தது. 2009இல் ரோடரிக் ஸ்மித் வெளியிட்ட ஜிடிஸ்க்கில், ஆர் விசையை அழுத்தி மீட்புப் பட்டியலுக்குள் சென்று, பி விசையால் நகல் தலைப்பையும் சி விசையால் நகல் அட்டவணையையும் ஏற்றி, டபிள்யூ விசையால் எழுதினால் முன்னட்டவணை மீள்கிறது. டபிள்யூவை அழுத்தும்வரை வட்டில் எதுவும் மாறுவதில்லை. எனினும் சிறிய வட்டை அப்படியே பெரிய வட்டுக்கு நகலெடுத்தால், இறுதியில் இருக்கவேண்டிய நகல் வட்டின் நடுவே சிக்கிக்கொள்கிறது. எஸ்ஜிடிஸ்க் கட்டளையின் இ விருப்பம் அதை மெய்யான இறுதிக்கு நகர்த்தித் தருகிறது.