எமிகிரன்டா, இமிகிரன்டா?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கட்டுரையில், "என் அப்பா ஓர் எமிகிரன்ட்" என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அதை 'இமிகிரன்ட்' என்று மாற்றிவிட்டார். அப்பா யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட இரவைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன். என் சொல்லும் சரிதான் என்று தெரியவே எனக்குப் பல வருடம் ஆனது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இடம் மாறுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். முன்னால் 'எ' வந்தால் வெளியே போகிறவர், 'இம்' வந்தால் உள்ளே வருகிறவர். ஆள் ஒருவர்தான், சொல்கிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதுதான் வேறு. (எழுத்துப் பிழை விடாமலிருக்க: எமிகிரன்டுக்கு ஒரு 'எம்', இமிகிரன்டுக்கு இரண்டு.)

இதைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் கதையில் கண்ணால் பார்க்கலாம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் போன முதல் கூட்டம் அது. 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பிற்காலத்தில் போனவர்களுக்குச் சென்னையில் பொறுப்பாக இருந்த அதிகாரியின் பதவிப் பெயர் 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்'. டர்பனில் இறங்கியதும் பொறுப்பேற்றவர் 'ப்ரொடெக்டர் ஆஃப் இந்தியன் இமிகிரன்ட்ஸ்'. நடுவே கடல் மட்டும்தான்.

சரி, இரண்டும் வெறும் பெயர்கள்தானே என்று தோன்றலாம். ஆனால் எமிகிரன்ட் என்ற பெயர் கப்பல் ஏறியதும் முடிந்துவிடுகிறது. இமிகிரன்ட் என்ற பெயருக்கு முடிவு தேதியே இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள், காய்கறி விற்றார்கள், கடை போட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1895ல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது. புதிதாக வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் வருடத்துக்கு 3 பவுண்ட் வரி. ஒரு தொழிலாளியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்ட் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம்! 1903ல் அந்த வரி பிள்ளைகளுக்கும் வந்தது: பையன்களுக்கு 16 வயதில், பெண்களுக்கு 13 வயதில்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் எந்த நாட்டை விட்டும் வெளியேறவில்லை, எந்த நாட்டுக்குள்ளும் வந்து சேரவில்லை. ஆனாலும் பெற்றோரின் பட்டப்பெயர் அவர்கள் மேலும் ஒட்டிக்கொண்டது. "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று உங்களிடமும் கேட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்.

1913ல் இந்த வரிக்கு எதிராகச் சுரங்கத்திலும் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. காந்தி நடத்திய அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் ஒருவர் வள்ளியம்மை. சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. தில்லையாடி வள்ளியம்மை என்றுதான் நாம் சொல்கிறோம். தில்லையாடி அவர் குடும்பத்தின் ஊர். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்.

அந்த வருடமே 3 பவுண்ட் வரியை எடுத்துவிட்டார்கள்.