1986 சென்னை டெஸ்ட்: சமனில் முடிந்த ஆட்டமும் நடுவர் தீர்ப்பும்

இந்தியா, ஆஸ்திரேலியா அணிகள் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சென்னை சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் அரங்கில் ஆடிய டெஸ்ட் போட்டி சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் சமனில் முடிந்தவை இரண்டு போட்டிகள் மட்டுமே. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. சென்னை ஆட்டத்தின் கடைசி விக்கெட் நடுவர் தீர்ப்பால் வீழ்ந்ததால், ஒரு தீர்ப்பு ஆட்டத்தின் முடிவையே தீர்மானிக்குமா என்ற விவாதத்தில் இது முக்கிய எடுத்துக்காட்டாக உள்ளது.

ஆட்டத்தின் போக்கு

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டங்கள் எடுத்து டிக்ளேர் செய்தது. கடும் வெப்பத்தில் உடல்நலம் குன்றிய நிலையிலும் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் குவித்தார். கபில்தேவின் 119 ஓட்டங்களால் இந்தியா 397 எடுத்து, பாலோ ஆனைத் தவிர்த்தது. ஆஸ்திரேலியா இரண்டாம் இன்னிங்சை 5 விக்கெட்டுக்கு 170 ஓட்டங்களில் டிக்ளேர் செய்ததால், இந்தியாவின் இலக்கு 348 ஆனது.

கடைசி ஓவர்

கவாஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்தார். 6 விக்கெட்டுக்கு 331 என்ற வலுவான நிலையிலிருந்து இந்தியா சரியத் தொடங்கியது. கிரெக் மாத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் 4 ஓட்டங்கள் தேவைப்பட்டன. கைவசம் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டாவது பந்தில் 2, மூன்றாவது பந்தில் 1 ஓட்டம் எடுக்க, எண்ணிக்கை சமமானது. நான்காவது பந்தைத் தடுத்த மணீந்தர் சிங், ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ முறையில் ஆட்டமிழந்ததாக நடுவர் வி. விக்ரம்ராஜு அறிவித்தார். இரு அணிகளும் மொத்தம் 744 ஓட்டங்களுடன் நின்றன. பந்து மட்டையில் பட்டது என்றார் மணீந்தர்; நடுவர் தம் தீர்ப்பில் உறுதியாக இருந்தார்.

தீர்ப்பு பறித்தது என்ன?

இந்தியாவின் கைக்கு வந்த வெற்றியை நடுவர் பறித்தார் என்பது மிகைக்கூற்று. எண்ணிக்கை சமமானபோதே இந்தியாவின் தோல்வி வாய்ப்பு நீங்கிவிட்டது. மணீந்தர் ஆட்டமிழக்காமல் கடைசிப் பந்தைத் தடுத்திருந்தால், விக்கெட் மீதமிருக்க நேரம் முடிந்ததாகக் கருதப்பட்டு ஆட்டம் டிராவாகியிருக்கும், சமன் ஆகாது. ஓர் ஓட்டம் எடுத்திருந்தால் மட்டுமே வெற்றி. ஆக, தீர்ப்பால் இந்தியா இழந்தது ஒரு பந்தும் அதற்குள் அடங்கிய வாய்ப்பும்தான். அதற்கு முன் கடைசி நான்கு விக்கெட்டுகளை வெறும் 16 ஓட்டங்களுக்குள் இழந்ததில் நடுவருக்கு மட்டும் பங்கிருந்ததாகச் சொல்ல முடியாது.

விக்ரம்ராஜு இந்திய நடுவர் என்பதும் கருதத்தக்கது. சொந்த நாட்டு நடுவர்கள் சொந்த அணிக்கே சாய்வார்கள் என்ற ஐயம் நிலவிய காலத்தில், அவர் இந்தியாவுக்கு எதிராக விரல் உயர்த்தினார். அதன்பின் எந்த டெஸ்டிலும் அவர் நடுவராக நிற்கவில்லை.

பின்விளைவுகள்

அதே 1986இல் லாகூரில் நடந்த பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டில் இந்தியர்களான வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் ஆகியோர் பொது நடுவர்களாக நின்றனர். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவரும், 2002 முதல் இருவரும் பொது நாட்டினராக இருப்பது விதியானது. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை 2008இல் இந்தியாவின் இலங்கைப் பயணத்தில் சோதிக்கப்பட்டது. இன்றென்றால் மணீந்தர் மறுபரிசீலனை கேட்டிருக்கலாம். தொழில்நுட்பம் அந்த ஒரு பந்தின் ஐயத்தைத் தீர்த்திருக்கும். சரிந்த விக்கெட்டுகளை மீட்டுத் தந்திருக்காது.