இடையில் நிற்கும் நீர்

டி.என்.ஏ. கரைசலின் மேல் குளிர்ந்த எத்தனாலை மெல்ல ஊற்றினால், இரண்டும் கலக்கும் விளிம்பில் வெண்ணிற நூல்கள் திரண்டு வரும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். உப்புச் சேர்க்க மறந்திருந்தால் இந்தக் காட்சி சரியாக வாய்ப்பதில்லை. டி.என்.ஏ. இழையில் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர்மின்சுமையைத் தாங்கியிருப்பதால் இழைகள் ஒன்றையொன்று விலக்கும். சோடியம் அயனிகள் அந்தச் சுமையைத் தணித்த பிறகே அவை நெருங்கும்.

சோடியத்தின் பிடி தளர்வானது. மெக்னீசியத்தின் கதை வேறு. இரட்டை நேர்மின்சுமை கொண்ட இந்தச் சிறிய அயனி, ஆறு நீர் மூலக்கூறுகளை எண்முக வடிவில் தன்னைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறது. அந்த நீரை அது மாற்றிக்கொள்ளும் வேகம் கால்சியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் பல இடங்களில் அது நியூக்ளிக் அமிலத்தை நேரே தொடுவதில்லை. தன் நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் வழியாகவே பாஸ்பேட்டையும் குவானைனையும் பற்றுகிறது. ஆர்.என்.ஏ. நெருக்கமாக மடியும் சில வளைவுகளில் மட்டும் ஓரிரு நீரை விட்டுவிட்டு, பாஸ்பேட்டின் ஆக்சிஜனோடு நேரடியாகப் பிணைகிறது. பாடநூல் படங்களில் மெக்னீசியத்தை வெறும் புள்ளியாக வரைவது எனக்கு எப்போதுமே பெருங்குறையாகப் படும். நீரை விட்டுவிட்டால் பாதி வேதியியல் போய்விடுகிறது.

மெக்னீசியத்தைக் குறைத்தால் ரைபோசோமின் பெரிய கூறும் சிறிய கூறும் பிரிந்துவிடும். கூட்டினால் மறுபடி சேரும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு 2000-இல் வெளியிட்ட சிறிய கூறின் அணு அமைப்பில், ஆர்.என்.ஏ. மடிப்புகளுக்கு நடுவே இந்த அயனிகள் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

பிளாட்டினம் நடந்துகொள்ளும் விதமே வேறு. 1965-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் வளர்த்த பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போவதைக் கண்டார். காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அந்தத் தடத்தில் வந்த சிஸ்பிளாட்டின் 1978-இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. மருந்திலுள்ள இரு குளோரைடுகளும் பெரும்பாலும் அங்கே விலகுவதில்லை. செல்லுக்குள் குளோரைடு குறைவு என்பதால் அவற்றின் இடத்துக்கு நீர் வருகிறது. அந்த நீரையும் தள்ளிக்கொண்டு குவானைனின் ஏழாம் நைட்ரஜன் பிளாட்டினத்தோடு பிணைகிறது. மெக்னீசியம் தன் நீரால் தொட்டுவிட்டு விலகும் அதே நைட்ரஜன்தான் இது. பிளாட்டினமோ எளிதில் விடுவதில்லை. அடுத்தடுத்த இரு குவானைன்களை அது சேர்த்துக் கட்டும்போது இரட்டைச்சுருள் அந்த இடத்தில் வளைந்துபோகிறது. படியெடுத்துக்கொண்டே வரும் நொதி அங்கே தடைப்பட்டு நிற்கிறது.