புத்தாண்டுப் புத்தாடை

சித்திரை வருடப்பிறப்பன்று யாழ்ப்பாணத்து இல்லமொன்றிலே நிகழும் காட்சியை நேயர்கள் நன்கறிவார்கள். பஞ்சாங்கம் குறித்த புண்ணியகாலத்திலே வீட்டிலுள்ள முதியவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவ்வாண்டுக்கு விதிக்கப்பட்ட இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, கோயிலிலிருந்து பெற்றுவந்த மருத்துநீரை உச்சியிலே தேய்க்கிறார். நீராடி வந்த பிள்ளைகளுக்குச் சுவாமி அறையில் வைத்திருந்த புத்தாடைகள் எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆடையின் ஓரத்திலும் சிறிதளவு மஞ்சள் பூசப்பட்டிருக்கிறது. பெண்பிள்ளை பட்டுப்பாவாடையும் சட்டையும் அணிந்து தன்னைத்தானே பார்த்து மகிழ்கிறாள். ஆண்பிள்ளையோ இடுப்பில் நில்லாத வேட்டியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு, மறு கையைக் கைவிசேடத்துக்காக நீட்டுகிறான்.

நமது பஞ்சாங்கங்கள் இந்நாளில் நீராடும் வேளையை மட்டுமன்றி உடுக்கும் ஆடையின் நிறத்தையும் குறிக்கின்றன. இன்ன நிறப் பட்டு, அன்றேல் இன்ன நிறக் கரை அமைந்த வெள்ளாடை என ஆண்டுதோறும் விதி மாறும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நாழிகைக் கணக்கிலே வேறுபடினும், ஆடையைக் கூற இரண்டுமே மறப்பதில்லை.

பிள்ளைகளுக்கு நாம் அன்று உடுத்தும் இவ்வுடையை மரபுடை என்கின்றோம். அது எக்காலத்து மரபு? அதனை உடுக்கும் உரிமை யார் யாருக்கு இருந்தது? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

பழந்தமிழ் நூல்களிலே சிறுவரைத் தேடுவோமாயின், அவர்தம் ஆடையிலும் அணிகலனே முதலிற் கண்ணுக்குப் புலனாகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையனாய்ப் போர்க்களம் புகுந்ததைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், சிறுவர் அணியும் தாலியை அவன் இன்னும் களையவில்லை என்று புறநானூற்றிலே வியக்கின்றார். திருமாலின் ஐந்து படைகளின் வடிவாய் அமைந்த அந்த ஐம்படைத்தாலியே பிற்காலத்திற் பஞ்சாயுதம் எனப் பெயர் பெற்று, யாழ்ப்பாணத்துக் குழந்தைகளின் கழுத்தில் இன்றும் விளங்குகின்றது. குழந்தையைக் காக்க வேண்டும் என்ற கவலை முதலிற் பிறந்தது. மூட வேண்டும் என்ற எண்ணம் பின்னரே வந்தது எனலாம்.

ஆடையைக் குறிக்கும் சொற்களும் ஒரு செய்தி சொல்கின்றன. அறுவை, துணி, துண்டு ஆகிய மூன்றும் அறுத்தலையும் துணித்தலையும் அடியாகக் கொண்டவை. தறியிலிருந்து அறுத்தெடுத்ததை அப்படியே உடுத்தனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்திலே கஞ்சுகம் என்னும் சட்டை அணிந்த மாந்தர் பேசப்படுகின்றனராயினும், அவர்கள் அரசபணி புரிந்தோர். குடிமக்கள் வீட்டிலே தைத்த ஆடை அருகியே இருந்தது. ஆகவே, பையன் அரையிற் சுற்றும் வேட்டி பழைமையானது. அவன் தங்கை அணியும் கைவைத்த சட்டை காலத்தாற் பிந்தியது.

ஈழத்து வடபகுதிக்கு ஆடை வரலாற்றிலே தனிச்சிறப்பு ஒன்றுண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிலும் மணற்பாங்கான நிலத்தில் வளர்ந்த சாயவேர், துணிக்குச் செந்நிறம் ஊட்டப் பயன்பட்டது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வேரைத் தம் வருவாய்ப் பொருளாக்கினர். வேர் அகழ்தல் சில குடிகளின் கட்டாய ஊழியமாயிற்று. செங்கரைத் துணியின் அழகுக்குப் பின்னே மண்ணைக் கிளறிய கைகளின் துயரும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1824ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தோன்றியது. இத்தகைய விடுதிகளிலே பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்ததோடு பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கற்பித்தனர். ஊசியும் நூலும் வீட்டுக்குள் புகுந்தபோது சட்டையும் புகுந்தது. கல்வியை விரும்பிச் சமய மாற்றத்தை அஞ்சிய சைவர்களுக்காக ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அன்று முதல், திருநீறு அணிந்து பள்ளி செல்லும் சிறுவனின் தோற்றம் ஒரு சமூகத்தின் தன்மான அடையாளமாயிற்று.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இவ்விடயத்தை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். இரவல் இறகுகள் எனப் பொருள்படும் தலைப்பிலே 1905ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, தம் உடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடையை ஆராயாது மேற்கொள்வோரைக் கண்டித்தது. பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் கதரையும் உள்ளூர் நெசவையும் போற்றினர். 1927ஆம் ஆண்டு நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து கதர் நிதி திரட்டியபோது அவ்வுணர்வு மேலும் வலுப்பெற்றது. பாட்டன் பழக்கத்தால் உடுத்த வேட்டியைப் பேரன் கொள்கையால் உடுக்கத் தொடங்கினான். மரபுடை என்னும் எண்ணம் இங்ஙனமே உருப்பெற்றது. பிறிதோர் உடை எதிரே வந்து நின்றபோதுதான் நம் உடையை மரபென அறிந்தோம்.

இவ்வரலாற்றிலே விரைந்து கடந்துவிடக் கூடாத ஒரு பக்கம் உண்டு. இங்ஙனம் நாம் பெருமையோடு பேசும் உடை, நம் மண்ணிற் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாய் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தலும், தோளிலே சால்வை இடுதலும் தடுக்கப்பட்டன. அவர்தம் பெண்டிர்க்கு மேலாடையும், பொன் நகையும் மறுக்கப்பட்டன. பண்டிகை நாளிலே வேலை வீட்டார் கொடுத்த துணியே அவர்கள் பெற்ற புத்தாடை. ஒரு வீட்டிலே பாட்டி பேரனுக்கு அன்போடு உடுத்திய அதே துணி, அடுத்த வளவிலே அடிமைத்தனத்தின் அடையாளமாய் இருந்தது. அங்குள்ள பிள்ளையும் வருடப்பிறப்பை எண்ணிக் காத்திருந்தது. ஆயினும் எதை உடுக்கலாம், எதுவரை உடுக்கலாம் என்பதைப் பஞ்சாங்கம் கூறவில்லை, ஊர் கூறிற்று.

இந்நிலை தானாக மாறவில்லை. 1930ஆம் ஆண்டளவில் அரச உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற முயற்சி எழுந்தபோது கடும் எதிர்ப்பும் எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எனினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் பின்வாங்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் பின்னும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல மக்கள் போராட வேண்டியிருந்தது. புத்தாடை உடுத்த பிள்ளையைத் தந்தை கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுதல் சிலருக்கு வழக்கம். சிலருக்கோ அது நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை. இவ்விருவரில் மரபின் அருமையை மிகுதியும் அறிந்தவர் யாவர் என்பதை நேயர்களே எண்ணிப் பார்ப்பீர்களாக.

வறுமையும் போரும் இவ்வழக்கத்தைச் சோதித்தன. 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, கிடைத்த ஒரே சீத்தைத் துணியில் அக்காளுக்குப் பாவாடையும் தம்பிக்குச் சட்டையும் தைத்த வீடுகள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பெட்டியிலே பேணிவைத்த பட்டும் கூறையும் பின்னே தங்கின. அகதி முகாமிலே வருடப்பிறப்பைக் கண்டவர்கள், துவைத்து மடித்த பழைய ஆடையின் ஓரத்திலே மஞ்சள் தொட்டுப் பிள்ளைக்கு உடுத்தினார்கள். பட்டு இல்லாதபோதும் வழக்கம் அழியவில்லை.

ஆகவே, மரபு எங்கே உறைகின்றது? துணி மாறிற்று, சாயவேரின் இடத்தைச் செயற்கைச் சாயம் பிடித்தது, சட்டை இடையிலே வந்து சேர்ந்தது. மாறாது நிற்பவை மூன்று: பிள்ளையை நீராட்டும் முதியவரின் கை, ஓரத்திலே தொடும் மஞ்சள், இன்று முதல் நீ நன்றாய் இரு என்னும் வாழ்த்து. இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு இல்லை.

வருடப்பிறப்பு அணுகும்போது நம் பிள்ளைகளுக்குப் பட்டும் வேட்டியும் வாங்குவோம். அவர்கள் கோயில் வீதியில் நிற்கும்போது அருகே புத்தாடையின்றி ஒரு பிள்ளை நிற்குமாயின், அப்பிள்ளைக்கும் ஓர் ஆடை எடுத்துக் கொடுப்போம். ஆனால், பழைய நாளிலே வேலை வீட்டார் கொடுத்ததுபோல் அன்று. தன் பேரனுக்குப் பாட்டி கொடுப்பதுபோல, ஓரத்திலே மஞ்சள் தொட்டுக் கொடுப்போமாக.